இலங்கையின் பழைய வரலாறு: எழுதும் முன் கூட்டிக் கழித்துப் பாருங்கள்

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டுகளில் இலங்கை வரலாறு பெரும்பாலும் ஒரே வரியில்தான் தொடங்குகிறது: “கி.மு. 543இல் விஜயன் வந்திறங்கினான்.” இலங்கை மன்னர்களின் கதையைச் சொல்லும் பழைய நூலான மகாவம்சத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை. தீவின் முதல் மன்னனாகச் சொல்லப்படும் விஜயன், புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாளில் வந்தான் என்றுதான் இருக்கிறது. 543 என்பது பௌத்த மரபுக் கணக்கை வைத்துப் பிறகு போட்டது. நூல் பாளியில் எழுதப்பட்டதோ கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில். நடுவே சுமார் 1000 ஆண்டு இடைவெளி.

ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். மகாவம்சக் கணக்கில், பண்டுகாபயன் என்ற மன்னன் 37 வயதில் முடிசூடி 70 ஆண்டு ஆள்கிறான். ஆக, சாகும்போது 107 வயது. மகன் மூத்தசிவன் 60 ஆண்டு. அவன் பிள்ளைகளில் தேவநம்பிய தீசன் 40, உத்தியன் 10, மகாசிவன் 10, சூரதீசன் 10. பிறகு குதிரை வணிகர் வீட்டுப் பிள்ளைகளான சேனனும் குத்திகனும் 22. அவர்களை வென்ற அசேலன் 10. இந்த அசேலனும் மூத்தசிவனின் மகனே! கூட்டினால், அப்பா இறந்து 102 ஆண்டு கழித்து மகனின் ஆட்சி முடிகிறது. நடக்கிற காரியமா? ஆண்டுகளை நிரப்ப ஆட்சிக்காலத்தை இழுத்திருக்கிறார்கள்.

அதற்காக நூலைத் தூக்கிப் போடவும் கூடாது. அசோகர் காலத்தில் இமயப் பகுதிக்குப் போனதாக அது சொல்லும் மஜ்ஜிமர் என்ற துறவியின் பெயர், 1851இல் சாஞ்சியில் தோண்டி எடுத்த அஸ்திப் பேழையிலும் இருந்தது. பெயர்களை ஓரளவு நம்பலாம், ஆண்டுகளைச் சந்தேகப்படுங்கள்.

இலங்கையை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி எழுதுகிறவர்கள் தீபவம்சத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் இலங்கை வரலாற்று நூல்தான், மகாவம்சத்துக்கு மூத்தது, கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டியது. எல்லாளனை வென்ற துட்டகைமுனுவைச் சில பாடல்களில் முடித்துவிடுகிறது. மகாவம்சமோ அவனுக்கு 22 முதல் 32 வரை 11 அதிகாரம் ஒதுக்குகிறது. கதை எங்கே ஊதியது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நம்மூர்க்காரர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இன்னொன்று. அசோகரின் 2ஆம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என அடுக்கி “தம்பபண்ணி வரை” என்கிறது. இது கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அந்தக் காலத்திலேயே வெட்டிய எழுத்து. ஆயிரம் வருட இடைவெளி எதுவும் இல்லை. பெயரைப் பார்த்ததும் நெல்லை ஆற்றையோ நம் குழித்துறைத் தாமிரபரணியையோ இதில் கொண்டு சேர்க்காதீர்கள். அறிஞர்கள் பெரும்பாலோர் இதை இலங்கை என்றே கொள்கிறார்கள்.

கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸ் கி.பி. 1ஆம் நூற்றாண்டு. குமரித் துறையைச் சொல்லும்போது, அங்கே நோன்பிருந்து கடலாடுகிறவர்களையும் பெண் தெய்வத்தையும் சரியாகச் சொல்கிறது. அதே கையேடு இலங்கையை மேற்கே ஆப்பிரிக்கா வரை நீட்டிவிடுகிறது! குமரியைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக மற்றதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நூலுக்குள்ளேயே ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும்.

பட்டினப்பாலை “ஈழத்து உணவும்” என்று இரண்டே சொல்லில் கடந்துபோகிறது. மன்னன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. ஆனால் காவிரிப்பூம்பட்டினத் தெருவில் அந்தத் தீவின் சரக்கு குவிந்து கிடந்திருக்கிறது.