கோஜெனரேஷன்: பெயரில் விட்டுப்போன வெப்பம்

சர்க்கரை ஆலைகளைப் பற்றிய செய்திகளில் ‘கோஜெனரேஷன்’ அடிக்கடி வரும். தமிழில் அதை ‘இணை மின்னுற்பத்தி’ என்கிறார்கள். பழகிய சொல்தான். ஆனால் மின்சாரம் எதனோடு இணைகிறது என்பதை அது சொல்வதில்லை. வெப்பத்தோடுதான்: ஒரே எரிபொருளிலிருந்து மின்சாரத்தையும் பயன்படும் வெப்பத்தையும் சேர்த்து எடுப்பதுதான் கோஜெனரேஷன்.

‘கோ’ என்ற முன்னொட்டுக்கு ‘உடன்’ என்று பொருள். ‘ஜெனராரே’ என்ற லத்தீன் வினைக்குப் பெற்றெடுத்தல் என்று பொருள். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘உடன்பிறப்பு’ கிடைக்கிறது. அருமையான பெயர், என்ன செய்வது, மேடைப் பேச்சாளர்கள் முந்திக்கொண்டார்கள்!

எரிபொருளின் வெப்பம் முழுவதையும் மின்சாரமாக்க இயற்பியல் இடம் தராது. மின்சாரம் எடுப்பதற்கான டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியிலும் ஏராளமான வெப்பம் மிஞ்சியிருக்கும். வழக்கமான அனல்மின் நிலையம் அதை ஆற்றிலோ கடலிலோ காற்றிலோ விட்டுவிடுகிறது. எரிபொருளில் 100 பங்கு ஆற்றல் என்றால் மின்சாரமாவது ஏறக்குறைய 35, 40 பங்குதான். மிச்ச வெப்பத்தையும் பிடித்துப் பயன்படுத்தினால் 80 பங்குக்கு மேல் தேறும். சும்மா கிடைக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்: வீடுகளுக்கு அனுப்பும் அளவு சூடான நீராவியை எடுத்தால் மின்சாரம் சற்றுக் குறையும்.

வீடுகளுக்கு அனுப்புவது என்றதும் அடுத்த சொல் வந்துவிடுகிறது: ‘டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங்’. குளிர்நாடுகளில் வீட்டுக்கு வீடு கொதிகலன் வைக்காமல், ஓரிடத்தில் சூடாக்கிய நீரைக் குழாய்களில் பல வீடுகளுக்கும் அனுப்பும் முறை இது. லண்டனில் 1950 முதல் பேட்டர்சீ மின்நிலையத்தின் மிச்ச வெப்பம் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் குழாய்வழியே போய், எதிர்க்கரையில் பிம்லிக்கோ குடியிருப்புகளைச் சூடாக்கியது. டென்மார்க்கில் இன்று பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படித்தான் வெப்பம் வருகிறது.

இதை ‘மாவட்ட வெப்பமூட்டல்’ என்று மொழிபெயர்த்தால் ஆட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். இங்கே டிஸ்ட்ரிக்ட் என்பது ஊரின் ஒரு பகுதி; ஆகவே ‘வட்டார வெப்பமூட்டல்’ பொருந்தும். ஜெர்மானியரும் டேனியரும் ‘தூரத்து வெப்பம்’ என்று பொருள்தரும் சொற்களை வைத்திருக்கிறார்கள். தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் ‘தொலைவெப்பம்’ என்றால் எனக்குப் பிடிக்கிறது. ஆனாலும் முதல்முறை வாசிப்பவருக்கு வட்டாரம்தான் எளிது.

சரி, கோஜெனரேஷனுக்கு? ‘மின்வெப்பம்’ என்று சேர்த்தால் மின்சாரத்தால் உண்டாகும் வெப்பம் என்றாகிவிடும். ‘வெப்பமின்’ என்று திருப்பினால் பழைய அனல்மின் நிலையமே நிற்கும். வெப்பமும் மின்னும் என்று உம்மைத்தொகையாக விரிய வேண்டும். அதற்கு நடுவே ஒரு சிறுகோடு போதும்: ‘வெப்ப-மின் இணையாக்கம்’. ஒருமுறை இப்படி முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் ‘இணையாக்கம்’, ‘இணையாக்க நிலையம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.