கீலவேயா இக்கி: காட்டுப் பாதையில் ஒரு நாள் நடைக்குப் புறப்படும் முன்

ஹவாய் பெருந்தீவில் உள்ள எரிமலைகள் தேசியப் பூங்காவுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் பலரும் தேர்ந்தெடுக்கும் நடை கீலவேயா இக்கி: விளிம்புக் காட்டில் நடந்து, ஒரு எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கி, அதன் தரையைக் கடந்து ஏறி வரும் பாதை. சுற்றி வந்தால் 5.3 கி.மீ. இறக்கமும் ஏற்றமும் சுமார் 120 மீட்டர். நிதானமாக நடந்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த எண்களை மட்டும் பார்த்துவிட்டு, காலில் செருப்பும் கையில் அரை லிட்டர் தண்ணீருமாக இறங்கிவிடுகிறார்கள். இங்கே தூரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் அன்றைய திட்டத்தைப் போட வேண்டும்.

காலையில் முதலில் காற்றைப் பாருங்கள்

கீலவேயா உறங்கிப்போன எரிமலை அல்ல. 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பில், அதன் உச்சியிலுள்ள ஹலேமவுமவு பள்ளத்திலிருந்து லாவா விட்டு விட்டுப் பீறிட்டது. லாவா வெளியே தெரியாத நாட்களிலும் சல்ஃபர் டை ஆக்சைடு வாயு வந்துகொண்டேதான் இருக்கும். நடைப்பாதை இருக்கும் கீலவேயா இக்கி, ஹலேமவுமவுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று, புகையைத் தென்மேற்கே, ஆளில்லாத காவு பாலைவனத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் பெரும்பாலான நாட்களில் இந்தப் பாதையில் மூச்சுவிடச் சிரமம் இருப்பதில்லை.

வணிகக் காற்று அடங்கினாலோ, உள்ளூரில் 'கோனா காற்று' என்று சொல்லும் தெற்கு, தென்மேற்குக் காற்று வந்தாலோ நிலைமை அப்படியே மாறும். அதே புகை காட்டுப் பாதைக்கு வந்து, பள்ளத்துக்குள் இறங்கித் தங்கிவிடும். தீக்குச்சி கொளுத்தியதும் மூக்கில் ஏறும் நெடி போல இருக்கும். தொண்டை கரகரக்கும், கண் எரியும். இந்த வாயு மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் இறுகத் தொடங்கும். என்-95 முகக்கவசம் தூசியையும் சாம்பலையும் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. முகக்கவசம் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் பள்ளத்துக்குள் இறங்குவது பெரிய தவறு. நெடி வந்தால் திரும்பி நடங்கள்; காரில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்றை இழுக்காத நிலையில் ஏசியை வைத்து அங்கிருந்து நகருங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், கைக்குழந்தைகளோடு வருகிறவர்களும் புகை பரவியிருக்கும் நாளில் இந்த நடையைத் தொடங்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் அவர் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும், காரில் அல்ல.

லாவா உயரமாகப் பீறிடும் நாட்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஹவாய் மக்களின் எரிமலைத் தெய்வத்தின் பெயரால் 'பெலேயின் தலைமுடி' என்று சொல்லப்படும் மெல்லிய கண்ணாடி இழைகள் காற்றில் மிதந்துவந்து விழும். பார்க்கப் பொன்னிறத்தில் அழகாக இருப்பதால் குழந்தைகள் உடனே கையில் எடுப்பார்கள். தோலில் குத்தும், கண்ணில் பட்டதைக் கசக்கினால் விழியைக் கீறிவிடும். நீண்ட கைச் சட்டை போடுங்கள். கான்டாக்ட் லென்ஸுக்குப் பதில் மூக்குக்கண்ணாடி அணியுங்கள். கண்ணில் விழுந்துவிட்டால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

புறப்படும் முன், தங்கும் இடத்திலேயே மூன்று பக்கங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். உள்ளே போனபின் மொபைல் சிக்னலை நம்ப முடியாது. முதலாவது, பூங்காவின் இணையதளத்தில் அன்றைய நிலவரம்: எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். இரண்டாவது, பூங்காவின் காற்றுத் தரப் பக்கம். மூன்றாவது, 1912 முதல் இயங்கிவரும் ஹவாய் எரிமலை ஆய்வகத்தின் அறிவிப்பு. இதில் பலர் ஒரு இடத்தில் குழம்புகிறார்கள். ஆய்வகம் சொல்லும் எச்சரிக்கை நிலை எரிமலையைப் பற்றியது. பாதை திறந்திருக்கிறதா என்று அது சொல்லாது. எச்சரிக்கை நிலை உயர்ந்திருக்கும்போதும் பாதை திறந்திருக்கலாம். நிலை தாழ்ந்திருக்கும்போது பாறைச் சரிவால் பாதை மூடியிருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள்.

நேரமும் மூட்டையும்

ஹீலோவிலிருந்து 48 கி.மீ., முக்கால் மணி நேரம். கைலுவா கோனாவிலிருந்து வந்தால் சுமார் 155 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்கு மேல். பூங்காவுக்குள் பொதுமக்களுக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது, வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலை பத்து மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரை பார்க்கிங் கிடைப்பது கடினம். எட்டு மணிக்குள் பாதைத் தொடக்கத்தில் நின்றால், பள்ளத்தின் தரையை வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம்.

விளிம்பு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையைவிட 7, 8 டிகிரி செல்சியஸ் குளிர் அதிகம். ஹவாய்தானே என்று கடற்கரை உடுப்போடு வருகிறவர்கள் மழையில் நனைந்து நடுங்குவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பருத்தி டி-ஷர்ட் நனைந்தால் நடை முடியும் வரை காயாது, உடல் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உடலோடு ஒட்டி ஒரு செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் மெல்லிய ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். பள்ளத்தின் தரையில் இதற்கு நேரெதிர்: நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, கரிய லாவாத் தரை வெயிலின் சூட்டை வாங்கித் திருப்பி வீசும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் அங்கே தேவைப்படும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். பாதையில் எங்கும் குடிநீர் இல்லை. குட்டைகளில் தேங்கிய நீரிலும் ஆவித் துளைகளின் அருகே சொட்டும் நீரிலும் வாய் வைக்காதீர்கள். நெற்றியில் மாட்டும் டார்ச், பகல் நடைதான் என்றாலும், பையில் இருக்கட்டும். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் அரை மணி முன்பே இருட்டு கட்டும். தோட்ட வேலைக்குப் போடும் கெட்டியான கையுறை ஒரு ஜோடி, முள்வாங்கி, சுற்றுக்கட்டுத் துணி ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பின்னால் சொல்கிறோம்.

காலணியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணுக்காலைப் பிடித்து நிற்கும், ஆழமான பல் உள்ள அடிப்பாகம் வேண்டும். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ட்ரெக்கிங் ஷூவை நம்பி வராதீர்கள். அதன் நடு அடுக்கில் உள்ள பாலியூரித்தேன், போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் சிதைந்து உதிரத் தொடங்கியிருக்கும். வெளியே பார்த்தால் புதிதுபோலத் தெரியும். லாவாவில் ஒரு மணி நேரம் நடந்ததும் அடிப்பாகம் மொத்தமாகப் பெயர்ந்து வரும். வருவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு நடந்து பாருங்கள். கட்டைவிரலால் நடு அடுக்கை அழுத்தும்போது வெடிப்போ பொடியோ தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஷூவில் ஒட்டிய மண் ஒரு காட்டைக் கொல்லும்

இந்தக் காட்டின் முதுகெலும்பு ஓஹியா மரம். புதிய லாவாவில் முதலில் வேர்விடுவதும், நூற்றாண்டுகள் கழித்துக் காட்டின் கூரையாக நிற்பதும் இதே மரம்தான். அதன் செந்நிறப் பூவின் தேனைக் குடித்து அபாபனே போன்ற சிவப்புச் சிட்டுகள் வாழ்கின்றன. 2014-இல் இந்த மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் ஒன்று அடையாளம் காணப்பட்டது. 'ஓஹியா விரைவு மரணம்' என்பது அதன் பெயர். பட்டையில் உள்ள காயம் வழியாக உள்ளே புகுந்து, நீரேறும் குழாய்களை அடைத்துவிடும். நேற்றுவரை பச்சையாகத் தெரிந்த மரம் சில வாரங்களில் மொத்தமாகக் கருகி நிற்கும். இதற்கு மருந்து இல்லை.

இந்தப் பூஞ்சை மண்ணில் உயிரோடு இருக்கும், மண் நம் ஷூவில் பயணம் செய்யும். ஆகவே பாதைத் தொடக்கத்தில் வைத்திருக்கும் பிரஷ் நிலையத்தைத் தாண்டிப் போகாதீர்கள். முதலில் காய்ந்த பிரஷால் அடிப்பாகத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ள மண்ணைச் சுரண்டி எடுங்கள். அதன் பிறகுதான் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தெளிக்க வேண்டும். மண் ஒட்டியிருக்கும்போதே தெளித்தால் ஆல்கஹால் உள்ளே ஊறிச் சேராது. தெளித்தும் தெளிக்காததற்குச் சமம். கைத்தடியின் முனை, பேன்ட்டின் அடிமடிப்பு, வெல்க்ரோ பட்டை, காலுறை எல்லாவற்றையும் பாருங்கள். களை விதைகள் அங்கேதான் ஒட்டும். நடை முடிந்து திரும்பும்போதும் இதையே செய்யுங்கள்.

ஓஹியாவின் கிளையை ஒடிக்காதீர்கள், பட்டையில் பெயர் செதுக்காதீர்கள். ஒவ்வொரு காயமும் நோய்க்குத் திறந்த வாசல்.

பாதையில்

பார்வை மேடையிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நடப்பது நல்லது. முதலில் விளிம்பை ஒட்டிய மழைக்காடு. ஹாப்பு என்னும் மரப் பெரணிகள் தலைக்குமேல் குடையாக விரிந்திருக்கும். தரை எப்போதும் ஈரம், வேர்கள் வழுக்கும். புலியோ பாம்போ இந்தக் காட்டில் இல்லை. ஆபத்து தரையில்தான் இருக்கிறது. விளிம்பில் நிலம் வெடித்துப் பிளந்த இடுக்குகளின் மேல் பெரணி அடர்ந்து மூடியிருக்கும். மேலே பார்த்தால் திடமான புல்தரை போலிருக்கும், அடியில் ஒன்றும் இராது. பள்ளத்தின் ஓரப் பாறையும் பல இடங்களில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்கிறவருக்கு அது தெரியாது. 2018 மே முதல் ஆகஸ்ட் வரை உச்சிப் பகுதி சரிந்தபோது ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் இந்த விளிம்புகளை உலுக்கின. ஹலேமவுமவு சுமார் 500 மீட்டர் ஆழமானது, சாலைகளே பிளந்தன. புகைப்படத்துக்காக வேலியைத் தாண்டும் ஒரே அடி போதும். குழந்தைகளை விளிம்புப் பகுதியில் கையைப் பிடித்தே கூட்டிச் செல்லுங்கள்.

மேற்குக் கோடியில் கல்படிகளில் இறங்கினால் பள்ளத்தின் தரை. 1959 நவம்பர் 14 அன்று இங்கே தொடங்கிய வெடிப்பில் லாவா ஊற்று 580 மீட்டர் உயரம்வரை எழுந்தது. பள்ளம் 100 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு உருகிய கல்லால் நிரம்பியது. இப்போது நீங்கள் நடப்பது அந்த ஏரி இறுகிய மேல்தட்டின் மீது. சுவரைச் சுற்றிலும் ஒரு கரைபோலத் தெரியும் கோடு, லாவா ஒருகாலத்தில் நிரம்பி நின்று பிறகு துவாரத்துக்குள் வடிந்த அடையாளம்.

இறங்கியதும் வரும் முதல் பகுதிதான் கணுக்கால் சுளுக்கும் இடம். பாளம் பாளமாக உடைந்து சாய்ந்த கற்கள், சில அசையும். எடையை மாற்றுவதற்குமுன் காலால் கல்லை அழுத்திப் பாருங்கள். இறக்கத்தில் உதவும் கைத்தடி இங்கே இடுக்கில் மாட்டி ஆளையே சாய்க்கும், மடித்துவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். லாவாவின் மேற்பரப்பு பெரும்பகுதி கண்ணாடி. தடுமாறி உள்ளங்கையை ஊன்றினால் அறுத்துவிடும். சிராய்ப்பில் துகள் தங்கியிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து முள்வாங்கியால் எடுத்த பிறகே கட்டுப் போட வேண்டும்.

நடுப்பகுதி சமதளம். வழிகாட்டுவது 'ஆஹூ' எனப்படும் கற்குவியல்கள் மட்டும்தான். மூடுபனி இறங்கினால், நிற்கும் குவியலிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும்வரை நகராதீர்கள். தேடித்தான் ஆக வேண்டுமென்றால் ஒருவர் குவியலருகே நிற்க, மற்றவர் குரல் எட்டும் தூரத்துக்குள் மட்டும் போய்ப் பார்த்து வரட்டும். விளையாட்டாகக்கூட நீங்கள் ஒரு குவியல் அடுக்காதீர்கள். பனியில் பின்னால் வருகிறவர் அதை நம்பி நடப்பார்.

விரிசல்களிலிருந்து எழும் வெண்ணிற ஆவி, மழைநீர் உள்ளே இறங்கிச் சூடேறி வருவது. மழைக்குப் பிறகு அதிகமாகத் தெரியும். முகத்தையோ கையையோ நேராக நீட்டாதீர்கள், வெந்துவிடும். கிழக்குக் கோடியில் வளைந்து வளைந்து ஏறும் பாதை மீண்டும் காட்டுக்குள் கொண்டுபோய் நாஹூக்கு லாவா குகை அருகே விடும். ஏற்றம் கடைசியில் வருவதால் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இதற்கென்று மிச்சம் வையுங்கள்.

கல்லையோ மணலையோ எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். நேனே வாத்துகளுக்குத் தீனி போடாதீர்கள். மனிதரிடம் பழகிய வாத்து சாலையோரத்துக்கு வந்து காரில் அடிபடும்.

மதியத்துக்கு

கால் இன்னும் ஒத்துழைத்தால் மவுனா லோவா சாலையிலுள்ள கிப்புக்கா புவாவுலு: 1.9 கி.மீ. எளிய சுற்று. சுற்றிலும் இளம் லாவா ஓட, நடுவில் தப்பித்து நின்ற பழைய காடு; ஆழமான சாம்பல் மண், மெத்தென்ற பாதை. இங்கே நுழையும் முன்னும் ஷூவைத் துலக்க வேண்டும்.

ஆனால் இந்தக் காடு ஹலேமவுமவுக்கு வடமேற்கே இருக்கிறது. மேற்கு, தென்மேற்குக் காற்றில் கீலவேயா இக்கி பாதிக்கப்படும். தென்கிழக்குக் காற்றில் கிப்புக்கா புவாவுலு. காலையில் பார்த்த திசை மதியமும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், காரில் ஏறுமுன் இன்னொரு முறை பாருங்கள். இரண்டு காட்டுப் பாதைகளும் ஒத்துவராத நாளில், கடலை நோக்கி 30 கி.மீ. இறங்கும் 'செயின் ஆஃப் க்ரேட்டர்ஸ்' சாலையில் புவுலோவா பாறைச் செதுக்கல்கள்வரை போகலாம். போய்வர 2.3 கி.மீ. நடை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கல்கள். நிழலும் தண்ணீரும் அங்கேயும் கிடையாது, இரண்டு லிட்டர் கணக்கு அங்கேயும் பொருந்தும்.