அப்பாயி பேச்சை மட்டும் மணி கேட்பது ஏன்?

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம், குடமுருட்டிக் கரை. மத்தியானம் அப்பாயி அலுமினியச் சட்டியில் சோறு பிசைந்துகொண்டு கொல்லைப்பக்கம் வருவார். எங்கள் நாய் மணி துள்ளி, முந்தானை வரைக்கும் தாவும். அப்பாயி திட்ட மாட்டார். சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். மறுபடி தாவினால் திரும்பி அடுப்படிக்கே போய்விடுவார். இது மணிக்குப் புரிய நாலைந்து நாள் ஆனது. இப்போது கதவு கிரீச்சிட்டதுமே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறது. வால் மட்டும் மண்ணைப் பெருக்கும். சட்டியைக் கீழே வைத்து அவர் “ம்” என்ற பிறகுதான் வாய் வைக்கும்.

சித்தப்பாவின் வழி வேறு. “யாரு எசமான்னு நாய்க்குக் காட்டிடணும், இல்லேன்னா தலைமேல ஏறிடும்” என்பார். மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அமுக்கிப் பிடிப்பார். சாப்பிடும்போது சட்டியைப் பிடுங்குவார். ஒருநாள் மணி உறுமியது. பூவரசங்கம்பால் அடி விழுந்தது. அப்புறம் அது உறுமவே இல்லை. அடங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஐப்பசி மழையில் ஒருநாள், சட்டியை எடுக்கக் கை நீட்டியவரைச் சத்தமே இல்லாமல் கடித்துவிட்டது. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு ஊசி போட ஓடினோம்.

உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. ‘பயமாக இருக்கிறது, தள்ளிப் போ’ என்று அதற்குச் சொல்லத் தெரிந்த வழி. அடித்து அதை நிறுத்தினால் சத்தம்தான் நிற்கும், பயம் நிற்காது. ரயில்வே கேட்டில் மணியைக் கழற்றிவிட்டால் ரயில் வராமல் போய்விடுமா?

‘எசமான்’ யோசனை எங்கிருந்து வந்தது? 1947ல் ருடால்ஃப் ஷென்கல் என்ற விலங்கியலாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். அவை ஓயாமல் சண்டை போட்டன. ஜெயித்தது தலைவன் ஆனது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970ல் எழுதிய நூல் வழியாக இந்தக் கருத்து உலகமெல்லாம் பரவியது. பிறகு அதே மெக், கனடாவின் வட கோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பக்கத்திலிருந்தே கவனித்தார். கூட்டம் என்று நினைத்தது பெரும்பாலும் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, பிள்ளைகள். முன்னால் போவது பெற்றோர். அந்த இடத்துக்காக யாரையும் அவை தோற்கடிக்க வேண்டியிருக்கவில்லை. 1999ல் இதை எழுதிய மெக், தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தையே கேட்டுக்கொண்டார். தன் தவறைத் தானே திருத்த நின்ற அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நாயோ ஓநாயும் இல்லை. குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதனை ஒட்டி வாழ்ந்து, நம் முகத்தையும் கையையும் படிக்கப் பழகிய பிராணி. மணி படிப்பது ஒன்றைத்தான்: நான் இதைச் செய்தால் அடுத்து என்ன நடக்கும்?

1898ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்துச் சொன்ன விதி இது: நல்ல பலன் தந்த செயலைப் பிராணி திரும்பச் செய்யும், பலன் தராததைக் கைவிடும். தாவினால் சோறு உள்ளே போகிறது. உட்கார்ந்தால் கீழே இறங்குகிறது. பலன் உடனே வர வேண்டும், ஓரிரு விநாடிக்குள். காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் அடித்தால் எதற்கு என்று அதற்குத் தெரியாது. ‘தப்பு பண்ணின மூஞ்சியைப் பாரு’ என்போம். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் 14 நாய்களை வைத்துப் பார்த்தபோது, தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அந்த முகத்தைக் காட்டியது. அது நம் கோபத்துக்கு வரும் முகம்.

இங்கேதான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. அம்மா சாப்பாட்டு நேரத்தில் ஒன்றும் போட மாட்டார், தாத்தா மட்டும் என்றைக்காவது ஒரு இட்லித் துண்டு வீசுவார். எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும். கெஞ்சலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் சில நாள் குரைப்பு கூடத்தான் செய்யும். அப்போது மனமிளகித் துண்டு போட்டால், இன்னும் சத்தமாகக் குரைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே.

அடியின் பலனுக்குக் கணக்கும் இருக்கிறது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009ல் 140 நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்ததில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் திருப்பிச் சீறியிருந்தது. மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம்.

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து எங்கள் வயல்களில் கிடை போடுவார்கள். போன கோடையில் ஒரு கிடை நாயைக் கவனித்தேன். கீதாரி எழுந்தால் எழும், துண்டை விரித்துப் படுத்தால் பட்டி ஓரமாகச் சுருண்டுகொள்ளும். அதட்டலே கேட்கவில்லை. எப்போது கிளம்புவது, எங்கே தங்குவது, எப்போது கஞ்சி என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. தினமும் ஒரே மாதிரி நடந்தது. தலைமை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

கடி வாங்கிய பிறகு சித்தப்பா கம்பைப் போட்டுவிட்டார். சட்டியை எடுப்பதை விட்டு, மணி சாப்பிடும்போது பத்தடி தள்ளி நின்று ஒரு கருவாட்டுத் துண்டை வீசிவிட்டு நகர்ந்துவிடச் சொன்னேன். அவர் வந்தால் இருப்பது பறிபோகாது, இன்னும் ஒன்று கிடைக்கும் என்று அது படிக்க வேண்டும். முதல் வாரம் அவர் தலை தெரிந்ததும் மணி சோற்றை விட்டு வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடியது. மாசியில் எட்டடி, பங்குனியில் நாலடி. நேற்று அவர் பக்கவாட்டில் திரும்பிக் குந்தி, முகத்தைப் பார்க்காமல், உள்ளங்கையில் துண்டை வைத்து நீட்டினார். மணி கழுத்தை மட்டும் நீட்டி, பல் படாமல் எடுத்துக்கொண்டது.