‘என்னை யாருன்னு தெரியுதா?’ என்று ஏன் கேட்கக் கூடாது

டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ள முதியவரைப் பார்க்க வரும் உறவினர்கள், பெரும்பாலும் பாசத்தினால்தான், வாசலில் நின்றபடியே ‘என்னை யாருன்னு தெரியுதா?’ என்று கேட்கிறார்கள். அவரிடம் கேட்கக்கூடியவற்றிலேயே மிகக் கடினமான கேள்வி இது. ஒரு முகத்தைப் பார்த்து ‘இவர் நம்மவர்’ என்று உணர்வது ஒரு வேலை. அந்த முகத்துக்குரிய பெயரை எந்தத் துணையும் இல்லாமல் நினைவிலிருந்து எடுத்துத் தருவது வேறொரு வேலை. முன்னது நோய் வளர்ந்த பிறகும் பலருக்கு ஓரளவு எஞ்சியிருக்கிறது. பின்னதோ தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. ‘உங்க தங்கச்சி மகன் வந்திருக்கேன், பெரியம்மா’ என்று சொல்லிக்கொண்டே எதிரில் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பெரியம்மா தேர்வு எழுத வேண்டியதில்லை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 7 பேர் இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. இதன் வகைகளில் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோய், புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் முதலில் தாக்குகிறது. இளமைக்கால நினைவுகளோ பல ஆண்டுகளில் மூளையின் மேற்புறணியெங்கும் பரவி ஊன்றிவிட்டவை. எனவே அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன.

ராமேஸ்வரம் தீவில் இன்று எண்பதை நெருங்கும் முதியவருக்கு, 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தபோது 17, 18 வயது இருந்திருக்கும். அப்படிப்பட்ட ஒருவர், காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு, மாலையானதும் அந்நாளில் தனுஷ்கோடி வரை ஓடிய ரயிலை நினைத்து ‘போட் மெயில் வந்துட்டதா?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ‘தனுஷ்கோடிக்கு ரயில் நின்னு அறுபது வருசமாச்சு, மாமா’ என்று மருமகள் சொல்லும் விடை முற்றிலும் உண்மையானது. ஆனால் அதைப் பதிந்து வைக்க வேண்டிய இடம்தான் பழுதாகியிருக்கிறது. ஆகவே பத்து நிமிடத்தில் அதே கேள்வி திரும்பவும் வருகிறது. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. தான் கேட்டதும் அவருக்கு நினைவில்லை, விடை கிடைத்ததும் நினைவில்லை.

விடை மறைந்தாலும், அது சொல்லப்பட்ட விதம் விட்டுச்செல்லும் உணர்வு உடனே மறைவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்களில் அவர்கள் பார்த்தவற்றில் பெரும்பகுதியை மறந்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அதன் பிறகும் அவர்களிடம் நீடித்தன. வீட்டில் பராமரிப்பவர்கள் அறிய வேண்டியவற்றுள் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். காலையில் அதட்டியதை அப்பா மறந்துவிட்டாலும், காரணம் புரியாத ஒரு கலக்கம் அவரிடம் தங்கியிருக்கக்கூடும்; அரைமணி நேரம் கழித்து அவர் குளிக்க மறுப்பது அதன் தொடர்ச்சியாகவும் இருக்கலாம்.

போட் மெயிலைக் கேட்பவரிடம் திருத்தமும் வேண்டாம், கட்டுக்கதையும் வேண்டாம். ‘அந்த வண்டியில கூட்டம் நெரியுமாமே, மாமா’ என்று சொன்னால், அவருடைய மூளையில் இன்னும் உறுதியாக உள்ள பகுதிக்கு வேலை கிடைக்கிறது. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றையும் மீன்பிடிப்பையும் பற்றி, ‘கச்சான் காத்து ஆரம்பிச்சிருச்சு, இனி வடகடல்லதான் தொழில்’ என்று சொல்வதும் அத்தகைய பேச்சே. அதில் சரி, தவறு என்ற சோதனை இல்லாததால், அவர் விரும்பினால் தொடரலாம், இல்லையேல் தலையசைத்துவிட்டு இருக்கலாம்.

தமிழில் பேசுபவர்கள் தனியே கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ‘நேத்து மண்டபத்துலேருந்து வந்த உங்க தங்கச்சி மகன் வாங்கிக் குடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுட்டுப் படுங்க’ என்றால், கேட்பவர் அத்தனை சொற்களையும் இறுதிவரை மனத்தில் ஏந்தியிருந்தால்தான் செய்ய வேண்டியது என்ன என்று விளங்கும். அப்படி ஏந்தி வைத்திருக்கும் குறுகிய கால நினைவு இந்நோயில் சுருங்கிவிடுகிறது. ‘மாமா, இந்தாங்க மாத்திரை’ என்று சொல்லிக் கையில் கொடுத்து, அவர் விழுங்கிய பிறகு, ‘இப்பப் படுங்க’ என்று சொல்லலாம். இடையில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். விடை வரவில்லை என்று உடனே வேறு சொற்களில் மாற்றிச் சொன்னால், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பேச்சு குறைந்தபின் கைகள் பேசும். வலை பொத்துவது, பனையோலை முடைவது போன்று பழகிப் பழகிப் படிந்த திறன்கள் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா (basal ganglia), சிறுமூளை ஆகிய பகுதிகளைச் சார்ந்தவை என்பதால், பெயர்கள் போன பிறகும் பலரிடம் தங்குகின்றன. கிழிந்த வலைத்துண்டையும் நூல் சுற்றிய ஊசியையும் பக்கத்தில் வைத்துவிட்டு உடன் அமர்ந்திருப்பதும் ஓர் உரையாடல்தான்.

இந்தக் கடற்கரையில் மிகக் கடினமான கேள்வி, கடலுக்குப் போய்த் திரும்பாத கணவரைப் பற்றியது. ‘அவரு இன்னும் கரை வரலையா?’ என்று கேட்கும் தாயிடம் இறப்பைச் சொன்னால், அவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதன்முதலாகக் கேட்கும் செய்தி. செய்தி பதியாமல் போக, துயரம் மட்டும் எஞ்சுகிறது. இதை உண்மைக்கும் பொய்க்கும் இடையிலான வழக்காக நான் பார்ப்பதில்லை. அவர் தேடுவது கணவரின் துணையை. ‘அப்பா நினைப்பு வந்துருச்சாம்மா?’ என்று கையைப் பிடித்துக்கொண்டு, கணவரைப் பற்றி அந்தத் தாய் சொல்வதைக் கேட்பது அந்தத் தேடலுக்கு நேர்மையான மறுமொழி.

காதையும் மறந்துவிடக் கூடாது. விசைப்படகு எஞ்சினின் இரைச்சலில் பல்லாண்டு உழைத்தவருக்குச் செவித்திறன் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்; கேட்காததைப் புரியாததாக வீட்டார் எடுத்துக்கொள்வதுண்டு. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முகத்துக்கு நேரே பேசிப் பார்த்து, காதுப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. படிப்படியாக அல்லாமல், ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பமோ அரைமயக்கமோ கூடினால், சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, உப்புச்சத்துக் குறைவு போன்றவை காரணமாக இருக்கலாம். இவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.