கல்லான மணலில் பனியாற்றின் தடம்

மட்டக்களப்பு மேசன்மார் மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தே ஆற்று மணலா, கடல் மணலா என்று சொல்லிவிடுவார்கள். புவியியலாளர் கேட்பதும் அதே கேள்விதான்: இது எங்கிருந்து வந்தது? அவர்கள் கையிலிருப்பது, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி, கொட்டிவிட்டுப் போய், இறுகி அடையற்பாறையாகிவிட்ட மணல்.

முந்தனையாறு மண்ணைத் தரம் பிரித்துக் கொண்டுவரும். பருமனானது வழியிலேயே தங்கும். வண்டல் வாவிவரை வரும். பனியாற்றுக்கு அந்த நாசூக்குக் கிடையாது. யானையளவு பாறையையும் மாவாக அரைபட்ட களியையும் சேர்த்துச் சுமந்து, உருகும் இடத்தில் அப்படியே போட்டுவிடும். 1856இல் ஒடிசாவின் தால்ச்சீரில் புவியியலாளரான பிளான்போர்ட் சகோதரர்கள் இப்படியொரு கலவையைக் கண்டு, வெயில் கொளுத்தும் அந்த நிலத்தைப் பார்த்தபடியே, இது பனியின் வேலை என்றார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

பனி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைச் சொல்ல சிர்க்கோன் என்ற கடினமான கனிமத்தின் மணிகள் வேண்டும். புல்மோட்டைக் கனிம மணலில் இல்மனைட்டோடு கிடக்கும் அதே சிர்க்கோன்தான். படிகமாகும்போது அது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய முற்றாக ஒதுக்கும். ஆகவே இன்று அதனுள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம் 238இல் பாதி சிதைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் மணியின் வயது வந்துவிடும். அதே வயதுப் பாறை எங்கே இருக்கிறதோ, மணி அங்கிருந்து வந்திருக்கலாம். மட்டக்களப்பும் அம்பாறையும் அமர்ந்திருக்கும் விஜயன் பாறைத் தொகுதியில், ஒரே மணியின் நடுப்பகுதி சுமார் 100 கோடி ஆண்டும் விளிம்பு சுமார் 55 கோடி ஆண்டும் காட்டுவதுண்டு. இலங்கை, இந்தியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, அந்தார்டிக்கா எல்லாம் சேர்ந்திருந்த கொண்டுவானாக் கண்டம் ஒட்டிய காலத்து வெப்பத்தில் வளர்ந்த புதுப்பட்டை அந்த விளிம்பு.

ஒரு கல்லிலிருந்து நூறு மணிகளையாவது அளப்பார்கள். கீழ்ப்படையில் பக்கத்து மலையின் வயது மட்டும் இருந்து, மேற்படையில் தொலைதூரப் பாறைகளின் வயதுகளும் கலந்து வந்தால், சிறு பனியாறு இருந்த இடத்தைப் பின்னர் பெரும் பனிவிரிப்பு பிடித்துக்கொண்டது என்று ஊகிக்கலாம். தென் பிரேசிலின் பனிப்படிவுகளில் ஒரு பகுதி கிழக்கிலிருந்து, அதாவது இன்று கடல் இருக்கும் பக்கமிருந்து வந்தது. கடலிலிருந்து பனியாறு கரையேறாது. அன்று அங்கே அட்லாண்டிக் இல்லை. ஆபிரிக்காவின் நமீபியா ஒட்டிக் கிடந்தது. நமீபியாவில் பனி குடைந்த பள்ளத்தாக்குகள் இன்றும் இருக்கின்றன.

சிக்கல், சிர்க்கோன் இலேசில் அழியாது என்பதில் இருக்கிறது. பழைய மணற்கல் உடைந்து அதே மணி இரண்டாம், மூன்றாம் முறையும் பயணம் போகும். வயது சரியாகவே இருக்கும், ஆனால் கடைசியாக எங்கிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்லாது. அதனால் விரைவில் உக்கும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தையும் தேடுவார்கள். நம் ஊர் மழையிலும் வெக்கையிலும் அது களியாகிவிடும். பனியில் அரைபட்டது முகம் மாறாமல் கிடக்கும்.

இலங்கைக்கு அருகே அன்று ஒட்டியிருந்த அந்தார்டிக்காப் பாறைகளிலும் 55 கோடி ஆண்டு முத்திரை உண்டு. அந்த வயதுள்ள ஒரு மணி கிடைத்தால், வயதை மட்டும் வைத்து எந்தக் கரையுடையது என்று சொல்ல முடியாது. கூடவே கிடக்கும் கார்னெட் என்ற கனிமத்தின் சேர்மானத்தையும் பார்த்தாக வேண்டும்.