மின்வெட்டு நேரத்தில் விளக்கு மாட்ட ஏறாதீர்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் மாதத்தில் எலெக்ட்ரீஷியனான எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். பெயிண்டர் கூரை விளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். வீட்டுக்காரர் புதிதாக ஒரு எல்இடி விளக்கு வாங்கி வந்து, இரண்டு வயர்தானே என்று தானே ஸ்டூல் போட்டு ஏறியிருப்பார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் அழைப்பார்கள்.

திருச்சி உறையூர்ப் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்நிறுத்தம் என்று அறிவித்திருந்த நாள். விளக்கு மாட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நினைத்திருக்கிறார். மெயினை அணைக்கவில்லை, மின்சாரமே இல்லாதபோது எதற்கு என்று விட்டுவிட்டார். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறி, பழைய ஹோல்டரிலிருந்து வயரை இழுத்தார். கட்டைவிரலில் அடித்தது. ஸ்டூலிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. நான் போனபோது பக்கத்து அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "கரண்டே இல்லையே தம்பி, எப்படி அடித்தது?" என்று கட்டுப்போட்ட கையோடு கேட்டார்.

மின்விசிறியைச் சுற்றவைத்த இன்வெர்ட்டர்தான் அவரையும் அடித்தது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு பெரும்பாலும் விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும்தான் போகிறது. ஆகவே கூரை விளக்கைப் பொறுத்தவரை தெருவில் மின்சாரம் இல்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. பேட்டரியிலிருந்து வந்தாலும் அது 230 வோல்ட்தான். மெயினை மட்டும் அணைத்தால் இன்வெர்ட்டர் உடனே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். இன்வெர்ட்டரின் முன்பொத்தானை மட்டும் அணைத்தால், பெரும்பாலான மாடல்களில் மெயின் மின்சாரம் அதன் வழியே நேராகக் கடந்துபோகும். இரண்டையும் அணைக்க வேண்டும். பேட்டரியோடு கூடிய சோலார் இருந்தால் அதையும் சேர்த்து.

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் இன்னொரு வம்பு இருக்கிறது. ஒரு ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் வயர், போனால் அடுத்த ஃபேஸுக்கு மாற்ற ஒரு திருகு சுவிட்ச் வைத்திருப்பார்கள். நீங்கள் ஸ்டூல் மேல் நிற்கும்போது, உள்ளே டிவி நின்றுவிட்டதே என்று யாராவது போய் அதைத் திருப்பிவிட்டால் போதும். நான் வேலை தொடங்கும் முன் மெயினை அணைத்து, அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டி, வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். குழந்தைகளிடமும் சொல்வேன்.

அந்த ஆசிரியர் சுவிட்சையாவது அணைத்திருந்தாரே, பிறகு எப்படி என்று கேட்கலாம். அந்த வீட்டில் சுவிட்ச் ஃபேஸை வெட்டவில்லை, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரை வெட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ யாரோ வயரை மாற்றி இணைத்திருக்கிறார்கள். விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும், ஆனால் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் இரவில் எல்இடி பல்பு மங்கலாக மினுங்குகிறதா? சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும், நீளமான வயர்கள் பக்கம்பக்கமாக ஓடினாலும்கூட இப்படி ஆகும். ஆனாலும் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நியூட்ரல் என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. அது வெறும் வயர், அடிக்காது என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம்கூட இருக்கிறது. கூரைப் பெட்டியைத் திறந்தால் இரண்டு மூன்று கறுப்பு வயர்கள் ஒன்றாக முறுக்கியிருக்கும். ஒன்று மெயினிலிருந்து வருவது, மற்றவை அடுத்தடுத்த விளக்குகளிலிருந்து திரும்பி வருபவை. அந்த முறுக்கைப் பிரித்த நொடியில் அடுத்த அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அதன் ஃபேஸ் அந்த விளக்குக்குள் புகுந்து, உங்கள் கையில் இருக்கும் கறுப்பு வயரின் நுனிக்கு வந்து நிற்கும். முறுக்கோடு இருந்தவரை சாதுவாக இருந்த வயர், பிரிந்ததும் அடிக்கும். அதனால்தான் ஒரு விளக்கின் சுவிட்சை அணைப்பது போதாது, அந்த லைனையே சாகடிக்க வேண்டும் என்கிறேன்.

வெறும் விளக்கு லைன், பெரிதாக என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 9 வாட் பல்பு எரிவதற்கு ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் தேவை. மனித உடலில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விடமுடியாமல் தசை இறுகத் தொடங்கிவிடும். ஒரு சின்ன பல்பு எடுக்கும் மின்சாரம் ஓர் ஆளைக் கொல்லப் போதும். மின்சாரம் அளவுமீறினால் தானாக விழும் 6 ஆம்பியர் எம்சிபி சுவிட்சுக்கு இது தெரியவே தெரியாது, அது வயரைக் காப்பாற்ற வைத்தது. ஆளைக் காப்பாற்றுவது, கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதுவும் மின்சாரம் உங்கள் உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தால்தான் விழும். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் உங்களை அதுவும் ஒரு பல்பாகத்தான் நினைக்கும்.

டெஸ்டரை முழுதாக நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அதன் சிவப்பு மினுக்கு கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த மரஸ்டூல் மேல் நின்றால் இன்னும் மங்கும். வோல்ட்டை எண்ணாகக் காட்டும் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். ஏசி (வீட்டு மின்சாரம்) வோல்ட்டில் 600 அல்லது 750 அளவில் வைத்து, முதலில் மெயினை அணைக்கும் முன்பே ஒரு பிளக் பாயிண்ட்டில் வைத்துப் பாருங்கள், 230ஐ ஒட்டி காட்ட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கூரையில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று மூன்று ஜோடியையும் பாருங்கள். கடைசியாக மீட்டர் வேலை செய்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு மெயினைப் போடாதீர்கள், டார்ச் பேட்டரியை டிசியில் (பேட்டரி மின்சாரம்) வைத்துப் பார்த்தாலே மீட்டரின் கம்பிகள் நன்றாக இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். பிறகு மறக்காமல் ஏசிக்குத் திருப்பிவிடுங்கள்.

நிறத்தில் பலர் ஏமாறுகிறார்கள். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புது விளக்கிலிருந்து வரும் வயர்களோ பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் கோடு. அதில் பழுப்புதான் ஃபேஸ், நீலம் நியூட்ரல். மும்முனை வீட்டில் கூரையிலிருந்து நீல வயர் இறங்கியிருந்தால் அது ஃபேஸ். நீலத்தோடு நீலம் என்று முறுக்கிவிட்டால் தலைகீழ். பழைய வீடுகளில் கையில் இருந்த நிறத்தில் எல்லாம் இழுத்திருப்பார்கள். மீட்டர் சொல்வதை நம்புங்கள், நிறத்தை அல்ல.

உலோக உடல் விளக்கு என்றால் எர்த் கட்டாயம். எர்த் திருகு இருந்தும் கூரையில் பச்சை வயர் இல்லை என்றால் அந்த விளக்கை அங்கே மாட்டாதீர்கள். கடையில் கொடுத்து, சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள இரட்டைக் காப்பு விளக்காக மாற்றி வாங்குங்கள், அதற்கு எர்த் தேவையில்லை. நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப்போடும் குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் விளக்கின் உடல் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும்.

இணைப்பைக் கனெக்டரில் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்பது கீழ்த்தளத்தில்கூட எனக்குப் பிடிக்காது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் மே மாத வெயிலில் டேப்பின் பசை இளகி, சுற்று தானாகத் தளர்ந்து, ஒரு பக்கம் செம்பு எட்டிப்பார்ப்பதை நான் எத்தனையோ பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். வயரை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, பல மெல்லிய இழைகள் கொண்ட பிரி வயர் என்றால் முறுக்கி மடித்து உள்ளே விட்டு, திருகு செம்பைத்தான் கவ்வுகிறதா, மேலுறையை அல்லவே என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். தளர்ந்த இணைப்பு சூடேறும், சூடேறினால் மேலும் தளரும்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக: ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் பலகையில் எதையும் தொங்கவிடாதீர்கள். கனமான விளக்கு என்றால் மேலே உள்ள கான்கிரீட்டில் ஆங்கர் ஃபாஸ்ட்னர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போட்டு அதிலிருந்துதான் இறங்க வேண்டும். துளை போடும் முன் வயர் போகும் பைப் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பெட்டியின் வாயைப் பார்த்துக் கொள்ளுங்கள். ஏணி அலுமினியம் வேண்டாம். கீழே ஒருவர் நிற்க வேண்டும், மெயின் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவராக.

பெட்டியைத் திறந்ததும் கருகிய வாசனை, தொட்டால் பொடியும் மேலுறை, வெள்ளையாக மின்னும் அலுமினிய வயர், துணி சுற்றிய பழங்கால வயர் இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மூடிவிட்டு இறங்கிவிடுங்கள். உரிமம் பெற்ற வயர்மேன் வரட்டும்.

ஆசிரியர் வீட்டில் அன்று சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றி, விளக்கை மாட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. அவர் மகள் ஒரு ஸ்கெட்ச் பேனா எடுத்து வந்தார். இன்வெர்ட்டர் மூடியில் "கூரையைத் தொடும் முன் என்னையும் அணைக்கவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். மெயின் பெட்டி மேல் இன்னொன்று. இப்போது நான் போகிற வீடுகளில் எல்லாம் அந்த இரண்டு சீட்டையும் ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன்.