பேக்லாஷ்: ‘பின்வீச்சு’ அல்ல, முந்துசிக்கு

தூண்டிலில் நரம்பு (மீன்பிடி இழை) சுற்றி வைக்கும் பெயிட்காஸ்டிங் ரீலைத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறோம் என்று வரும் காணொளிகளில் ‘பின்வீச்சைத் தவிர்ப்பது எப்படி’ என்ற தலைப்பு என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. போன மாதம் ஒரு ரீல் பெட்டிக்குள் இருந்த தமிழ்த் துண்டுத்தாளிலும் அதே சொல். வீசும்போது ரீலில் நரம்பு சிக்கிக்கொள்வதை ஆங்கிலத்தில் பேக்லாஷ் என்பார்கள். அதற்குப் பின்வீச்சு என்று யார் முதலில் எழுதினார்களோ, அவர்கள் கையில் ராடு (தூண்டில் கோல்) பிடித்திருக்க வாய்ப்பில்லை. இந்தச் சொல் தவறு மட்டுமல்ல, புதிதாக வீசப் பழகுகிறவனுக்குக் கெடுதலும் செய்கிறது.

முதலில் ஆங்கிலச் சொல். ‘பேக்’ என்றால் பின், திரும்ப. ‘லாஷ்’ என்றால் சாட்டையடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது எந்திரக்காரர்களின் சொல்லாக இருந்தது: இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள தளர்வு, திசை மாற்றிச் சுற்றும்போது அதனால் வரும் உதறல். நம்மூர் லேத் பட்டறைகளில் இன்றைக்கும் பேக்லாஷ் என்றால் இதுதான். தூண்டில்காரர்கள் அதை ரீலுக்கு எடுத்துக்கொண்டார்கள். அரசியலில் ஒரு முடிவுக்குக் கிளம்பும் எதிர்ப்பைக் குறிப்பது பிறகு வந்த பொருள்.

ரீலில் நடப்பது என்ன? சாதாரண ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுற்றாது; நரம்பு அதன் விளிம்பு வழியாகக் கழன்று போகும். பெயிட்காஸ்டிங் ரீலில் பறந்து போகும் லூர் என்ற போலி இரைதான் நரம்பை இழுத்து ஸ்பூலைச் சுழற்றுகிறது. காற்றில் லூரின் வேகம் குறையும். தண்ணீரைத் தொட்டதும் நின்றுவிடும். ஸ்பூலுக்கு அது தெரியாது. மாடு நின்ற பிறகும் வண்டி உருண்டு வந்து அதன் காலை இடிப்பதுபோல, ஸ்பூல் தன் வேகத்திலேயே ஓடி, வாங்க ஆளில்லாத நரம்பை வெளியே தள்ளுகிறது. அது வளையம் வளையமாக எழும்பி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இறுகிக்கொள்கிறது. ஆக இங்கே பின்னால் எதுவும் வீசுவதில்லை, எதுவும் திரும்பி அடிப்பதுமில்லை. ஸ்பூல் லூரை முந்திவிடுகிறது. அவ்வளவுதான்.

இப்போது ‘பின்வீச்சு’க்கு வருகிறேன். நம் ராமநாதபுரம் கரையில் வீச்சு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு தெளிவான பொருள் உண்டு. வீச்சுவலை என்றால் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்தச் சிறுவனுக்கும் புரியும்: கையால் வீசி எறிகிற வலை. ராடு பிடித்து எறிவதும் வீச்சுதான். அப்படியிருக்க, பின்வீச்சு என்றால் கேட்கிறவன் மனதில் என்ன வரும்? எறிவதற்கு முன் ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகிறோமே, அந்த அசைவுதான் வரும். வரவும் வேண்டும், அதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை. ‘பின்வீச்சைத் தவிருங்கள்’ என்று படித்தவன் ராடைப் பின்னால் கொண்டுபோகாமல், நின்ற இடத்திலிருந்தே வெடுக்கென்று முன்னால் உதறுவான். அப்படி உதறினால் ஸ்பூல் ஒரே நொடியில் வெறிகொண்டு சுற்றும். சிக்கு கட்டாயம் விழும். தவிர்க்கச் சொன்ன கேட்டை அந்தச் சொல்லே கொண்டுவந்து சேர்க்கிறது. குந்துகால் கரையில் ஒரு கல்லூரிப் பையன் இப்படித்தான் வீசிக்கொண்டிருந்தான். ஏன் தம்பி ராடைப் பின்னால கொண்டுபோக மாட்டேங்கிற என்று கேட்டதற்கு, “பின்வீச்சு கூடாதுன்னு போட்டிருந்துச்சுண்ணே” என்றான். அவன் மேல் என்ன குற்றம்?

சிலர் ‘தூய தமிழில் இருக்கிறதே, அது போதாதா’ என்கிறார்கள். போதாது. ஆங்கிலச் சொல்லை இரண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் வைத்து ஒட்டுவது தூய்மை அல்ல. எழுத்து தமிழாக இருக்கும், நினைப்பு ஆங்கிலமாகவே இருக்கும். ரீல், ஸ்பூல், பிரேக் எல்லாம் அப்படியே கிடக்கட்டும், எனக்கு உறுத்தவில்லை. புரியாத கடன்சொல்லைவிடப் புரிந்ததுபோல் ஏமாற்றுகிற தமிழ்ச்சொல் மோசமானது.

‘பின்னடைவு’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தேர்தலில் வருவது. ‘எதிர்வினை’ செய்தித்தாள் சொல். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் காட்டுவது. அரசியல் பொருளில் பேக்லாஷுக்கு ‘எதிர்ப்பு’ என்றாலே நிறைவாக இருக்கும். எந்திரத்துக்குப் ‘பல்லிடைத் தளர்வு’ எனலாம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று பொருள் என்றால் தமிழில் மூன்று சொல் இருக்கட்டுமே, யாருக்கு நட்டம்? ‘குருவிக்கூடு’ என்பதில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கிறது, பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அது விளைவைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை.

கரையில் புழங்கும் சொல் சிக்கு. “நரம்பு சிக்கு விழுந்துருச்சு” என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அதோடு காரணத்தையும் சேர்த்தால் முந்துசிக்கு. சிக்கு முந்துமா என்று இலக்கணக்காரர்கள் கேட்கலாம். சுடுகாட்டில் காடு சுடுவதில்லை, குடிநீரில் நீர் குடிப்பதில்லை; வினைத்தொகை இடத்தையும் பொருளையும் காரணத்தையும் தாங்கும். முந்துவதால் விழும் சிக்கு முந்துசிக்கு. பேச்சில் ‘ஸ்பூல் முந்திருச்சு’ என்றாலே போதும்.

காரணம் சொல்லிலேயே இருந்தால் ரீலைத் திருத்துவதும் எளிது. கேள்வி ஒன்றுதான்: ஸ்பூல் முந்தாமல் எப்படிப் பிடிப்பது? வீசப்போகிற லூரையே கட்டித் தொங்கவிடுங்கள். கைப்பிடிப் பக்கம் இருக்கும் சிறு திருகை இறுக்கி, கட்டைவிரல் பொத்தானை அழுத்துங்கள். லூர் அசையாது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த, அது மெதுவாக இறங்கத் தொடங்கும். தரையைத் தொட்ட கணத்தில் ஸ்பூலும் நிற்க வேண்டும். நிற்காமல் மேலே நரம்பு தளர்ந்து எழும்பினால் இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். லூரின் எடை மாறினால் இதை மறுபடி செய்ய வேண்டும். அப்புறம் மறுபக்கத்துப் பிரேக். காந்தமோ, சுழலும்போது வெளியே விரிந்து உரசும் சிறு கட்டைகளோ, எதுவானாலும் பழகும்வரை கூட்டியே வைத்துப் பிறகு ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். நரம்பை விளிம்புவரை நிரப்பாமல் 3 மில்லிமீட்டர் விடுவது நல்லது. எல்லாம் சரியாக வைத்தாலும், லூர் தண்ணீரைத் தொடும்போது கட்டைவிரல் ஸ்பூலில் படிந்தே ஆக வேண்டும். அந்த வேலையை எந்தப் பிரேக்கும் முழுசாகச் செய்து தராது.

காற்றும் கணக்கில் வரும். இரு பக்கமும் கடல் உள்ள மண்டபம் ஊரில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கரையில் நின்று வீசினால் காற்று முகத்தில் அறையும்; லூர் சீக்கிரம் வேகம் இழக்கும், ஸ்பூல் முந்தும். பிரேக்கைக் கூட்டாமல் வீசக்கூடாது. அதே நாளில் வடகடல் பக்கம் போனால் காற்று முதுகில்; குறைத்துக்கொள்ளலாம். வாடைக்காலத்தில் இது அப்படியே தலைகீழ். ‘பின்வீச்சு’ என்று படித்தவனுக்குக் காற்றுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எப்படிப் புரியும்?

அந்தத் துண்டுத்தாளைப் பற்றி இன்னும் ஒன்று. காஸ்டிங்கை ‘வார்ப்பு’ என்று எழுதியிருந்தார்கள், என்னவோ இரும்பை உருக்கி ஊற்றப்போகிறோம் என்பதுபோல. வீச்சு என்ற சொல்லைத் தேவையில்லாத இடத்தில் வைத்துவிட்டு, தேவையான இடத்தில் விட்டுவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, வீசும்போது ஸ்பூலைப் பிடிக்கும் பிரேக்குக்கும், மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் டிராகுக்கும் ‘தடை’ என்று ஒரே சொல். படிக்கிறவன் கைப்பிடியோடு இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தை முழுக்க இறுக்குவான். முந்துசிக்கு நிற்காது, பெரிய பாறை மீன் மாட்டினால் நரம்புதான் அறும். டிராகுக்கு ‘இழுப்பு’ என்றே எழுதலாம். மொழிபெயர்க்கிறவர்கள் ரீலை ஒருமுறை கையில் வாங்கித் திருகிப் பார்த்துவிட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

கடைசியாக ஓர் எல்லை. ஸ்பின்னிங் ரீலில் விழும் சிக்குக்கு முந்துசிக்கு என்ற பெயர் பொருந்தாது. அங்கே ஸ்பூல் சுற்றுவதில்லை, முந்த எதுவும் இல்லை. தளர்வாகச் சுற்றிய நரம்பு கொத்தாகக் கழன்று முடிச்சாகிறது. அதற்கு வெறும் சிக்கு போதும்.